அழுவதற்கு ஒரு பாஷை

“மாமியாருக்கு வார்த்தை இருக்கும்மா. வாட்ஸ்அப்புக்குத்தான் இல்லை,” என்றார் போனில் அந்தப் பெரியவர்.

ஃபெமினா கண்ணை மூடிக்கொண்டாள். கிரேக்க மொழி தெரிந்த மனநல ஆலோசகர் என்று தேடோ தேடென்று தேடி, கடைசியில் மாட்டியவர் மதுரையில் பைபிளை மூலத்தில் படிப்பதற்காகக் கிரேக்கம் கற்றவர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கிரேக்கம். அதில் கண்ணீர் உண்டு, விவாகரத்துக்குத் தள்ளுதற்சீட்டு என்ற வார்த்தை கூட உண்டு. ‘நான் அனுப்பின வாட்ஸ்அப்பையெல்லாம் அவன் அவங்க அம்மாவுக்கு அப்படியே தள்ளிவிட்டான்’ என்று சொல்லத்தான் வழியில்லை.

“ஏம்மா, தமிழ்லயே சொல்லிரலாமே?”

“அது மட்டும் வேண்டாங்கய்யா,” என்று போனை வைத்துவிட்டாள்.

தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரமே திண்டுக்கல்லில் ஓர் ஆலோசகரிடம் போய் மனசைக் கொட்டினாள். அந்த அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னார். அவர் சலூனுக்குப் போகிற வழியில் யார் யாரிடம் சொன்னாரோ, ஃபெமினா ஊருக்குப் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டுக்காரி, “போறான் விடும்மா, தலைமுழுகிட்டேன்னு நெனச்சுக்க,” என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அதனால்தான் கிரேக்கம். கல்யாணத்துக்கு முன்னால் சைப்ரஸில், லிமாசோல் நகரத்தில், படுத்த படுக்கையாக இருந்த ஓர் அம்மாளைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். அங்கே பேசிப் பேசி அந்தப் பாஷை நாக்கில் ஊறிப்போயிருந்தது. இப்போது வேலைக்கு வந்திருக்கிற கொடைக்கானலில் நட்டநடுத் தெருவில் நின்று அதில் ஒப்பாரி வைத்தாலும் ஒருவருக்கும் விளங்காது.

அப்படி விளங்காமல் இருக்க வேண்டிய அவசியமும் இருந்தது. இப்போது குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி அருள்மேரி, “குடும்பத்துக்கு மட்டுந்தாம்மா வீடு விடுறது,” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். “வீட்டுக்காரர் சைப்ரஸ்ல இருக்கார்க்கா,” என்று ஃபெமினா வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். ஜெரால்டு இருந்தது திண்டுக்கல்லில், டிரைவிங் ஸ்கூல் வைத்துக்கொண்டு. உண்மை தெரிந்து வெளியே போகச் சொன்னால் வேறு வீடு கிடையாது. சீசன் நெருங்குகிறது. ஊரில் காலியாகிற ஒவ்வொரு அறையும் டூரிஸ்டுகளுக்குப் போய்விடும்.

கடைசியில் சைப்ரஸிலிருந்தே ஒரு பதில் வந்தது. ஸ்டெல்லா நிக்கோலாவு என்று பெயர், மனநல டாக்டர். செவ்வாய்க்கிழமை மத்தியானம், போனில், குரல் மட்டும் போதும், கிரேக்கத்தில் மட்டும் பேசுவோம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. ஃபெமினா ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்த்தாள், செவ்வாய்தான் விடுமுறை. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் மட்டும் கிடைக்கும். அங்கே போய் உட்கார்ந்து அன்றைக்கு ஆசை தீர அழுதாள். திட்டினாள், தொட்டியைக் குத்தினாள், மறுபடியும் அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினால், படிக்குக் கீழே முக்காடு போட்டபடி அருள்மேரி. அவள் கண்ணிலும் தாரை தாரையாக நீர்.

“பிள்ள, எத்தன நாளா ஒனக்கு இந்த வரம்?”

“எந்த வரம்க்கா?”

“மறைக்காத. அந்நிய பாஷை! நான் பத்துப் பேரு பேசிக் கேட்டிருக்கேன். இந்த மாதிரி சுத்தமா ஒருத்தரும் பேசினதில்ல.”

அருள்மேரியின் ஜெபக்குழுவில் ஆவி நிறைந்தவர்கள் அறியாத மொழியில் பேசுவது உண்டு. அது ஃபெமினாவுக்குத் தெரியும். இது கிரேக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். யாரிடம் பேசினாய் என்று வரும். டாக்டரிடம் என்றால், எதற்கு என்று வரும். எந்த வழியில் போனாலும் ஜெரால்டு வீட்டு வாசலில்தான் போய் முட்டியது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“கொஞ்ச நாளாத்தான்க்கா.”

“நடுவுல ஜெரால்டு, ஜெரால்டுன்னு வந்துச்சே?”

“வீட்டுக்காரர் பேருக்கா. அவருக்காகத்தான்...”

அது போதாதா? அடுத்த செவ்வாய் ஜெபக்குழு முழுதும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டது. அத்தனை பேரும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உபவாசம். மேலே ஃபெமினா, ‘அந்த மூஞ்சியை நான் ஆயுசுக்கும் பார்க்கக் கூடாது’ என்று ஸ்டெல்லாவிடம் கிரேக்கத்தில் விம்மினாள். கீழே, “ஜெரால்டு தம்பி வெரசா வீடு வந்து சேரணும் ஆண்டவரே!” என்று அருள்மேரி கதறினாள். “ஆமென்!” என்றது படிக்கட்டு.

இடத்தை மாற்றிப் பார்த்தாள். ஏரிக்கரைக்குப் போனாள். ‘அவன் என்னை அறைந்த அன்றைக்கு’ என்று ஆரம்பிக்கும்போது குதிரைக்காரர் வந்து, “மேடம், ஒரு ரவுண்டு போலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினால், அழுகிற முகத்தைப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க மேடம், ஒண்ணும் செய்யாது,” என்று குதிரையைத் தடவிக் காட்டினார். திரும்பவும் மாடிதான் கதி.

போன் பேசுவதை விட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். மனசு கேட்கவில்லை. ஸ்டெல்லாவிடம் பேசிய நாளில் தூக்கம் வந்தது. சாப்பாட்டில் உப்பு, உறைப்பு தெரிந்தது. கிடைத்த ஒரே பிடியை எப்படி விடுவது?

இதற்குள் பரமானந்தம் வந்து சேர்ந்தார். வில்பட்டிக்காரர், ரிட்டயரான பஸ் கண்டக்டர். “பாஷை மட்டும் இருந்தா என்ன பிரயோசனம்? அர்த்தம் சொல்ல ஆள் வேணாமா?” என்று படியின் நடுவில் இடம் பிடித்தார். ஃபெமினா பேசி முடித்ததும், உள்ளே போ உள்ளே போ என்று கூட்டத்தை நகர்த்திய அதே குரலில் அர்த்தம் சொன்னார். அதெல்லாம் நல்ல அர்த்தமாகவே இருந்தது. இன்னார் மகளுக்கு வரன் அமையும், இன்னாருக்கு முட்டிவலி தீரும். முட்டிவலி தற்செயலாகத் தீர்ந்தும் தொலைத்தது. அடுத்த வாரம் தெருவில் ஜீப்பெல்லாம் நின்றது.

கல்யாண வரனிலும் முட்டியிலும் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஃபெமினா தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பூண்டு வரும்வரைக்கும்தான் அந்தத் தேறுதல்.

அந்தச் செவ்வாய் அவள் பாதிப் பேச்சில் இருந்தாள். “இமஸ்தன் மஸி... பொதே மஸி... மஸி!” என்று தேம்பிக்கொண்டிருந்தபோது படியில் திமுதிமுவென்று ஓசை. பரமானந்தம் முன்னே வர, அவர் பின்னால் தலைப்பாகையும் மண் ஒட்டிய காலுமாக ஒரு விவசாயி மேலேயே ஏறி வந்துவிட்டார். அருள்மேரி மூச்சு வாங்கிக்கொண்டே கடைசியாக வந்தாள். ஃபெமினா போனை மடியில் கவிழ்த்தாள்.

“தாயி, நான் வில்பட்டித் திருமலைச்சாமி,” என்று அவர் கும்பிட்டார். “ஒத்த வார்த்தையில ஒலகத்தையே காட்டிட்டீங்க. கீழ நின்னு இந்தக் காதால கேட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“பூண்டு எப்பப் பிடுங்கன்னு மனசுல கேட்டுக்கிட்டேதான் வந்தாரு,” என்றார் பரமானந்தம் பெருமையாக. “மாசி, மாசி, மாசின்னு மூணு தரம் பதில் வந்துருச்சு. பங்குனி வரைக்கும் விட்டா மழை வந்து அழுக்கிப்புடும்னு அர்த்தம்.”

“இலை இன்னும் பச்சையாத்தான் கெடக்கு, பல்லு தெரளல,” என்றார் திருமலைச்சாமி. “வீட்டுல வேணாங்குறா. ஆனா இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாளைக்கு வெள்ளனே ஆள் விட்டுப் பிடுங்கப்போறேன். எங்க சரிவுல அத்தன பேரும் எனக்காகத்தான் காத்துக்கெடக்கான்.”

முற்றாத பூண்டைப் பிடுங்கினால் சந்தைக்குப் போய்ச் சேருமுன்னே சுருங்கிவிடும் என்பது ஹோட்டல் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவளுக்கே தெரியும். ஒரு மலைச்சரிவு முழுக்க, அவள் அழுத அழுகையால்.

“ஐயா, அது மாசி இல்லீங்க. மஸி! சேர்ந்துன்னு அர்த்தம்!”

பரமானந்தம் திருமலைச்சாமியின் தோளைத் தட்டினார். “பாத்தீங்களா? எல்லாரும் சேர்ந்து பிடுங்கணுமாம்.”

“ஐயோ, பிடுங்கவே வேண்டாங்க!” அவள் எழுந்துவிட்டாள். இனி ஒளிந்துகொள்ள இடமில்லை. “இது அந்நிய பாஷையும் இல்ல, வரமும் இல்ல. கிரேக்கம்! நான் சைப்ரஸ்ல வேலை பாத்தப்ப கத்துக்கிட்டது. எனக்கு விவாகரத்து ஆயிருச்சு. ஜெரால்டு திண்டுக்கல்ல கார் ஓட்டச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கான். நாங்க ஒரு நாளும் மனசால சேர்ந்து இருந்ததில்லன்னு டாக்டர்கிட்டச் சொல்லி அழுதேன். அவ்வளவுதான்!”

ஃபெமினா அருள்மேரியைப் பார்க்கத் துணியாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

“அப்ப,” என்று அருள்மேரி மெதுவாக ஆரம்பித்தாள், “அந்தப் பய திரும்பி வரணும்னா நான் வாராவாரம் சக்கரை வியாதியோட உபவாசம் கெடந்தேன்?”

“மன்னிச்சிருங்கக்கா. வீட்டக் காலி பண்ணிர்றேன்.”

“அறைஞ்சானா?”

ஆமாம் என்று ஃபெமினா தலையை ஆட்டினாள்.

“வராம இருக்கணும்னு சொல்லியிருந்தா இன்னும் நல்லா ஜெபிச்சிருப்பேன்ல!” அருள்மேரி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “வீட்டுப் பேச்ச விடு. மொதல்ல பூண்டுக்கு ஒரு வழி பண்ணு.”

ஆனால் பூண்டுக்கு வழி பிறப்பதாக இல்லை. பரமானந்தம் கண்கலங்கி நின்றார். “பாத்தீங்களா தாழ்மைய? தன்னையே அவமானப்படுத்திக்கிட்டு வரத்த மறைக்குது. நெறகொடம்யா இது.”

திருமலைச்சாமி அவளைப் பயபக்தியோடு ஏறிட்டார். “நெசந்தான். இந்தக் காலத்துல எந்தப் பொம்பள இப்படித் துணிஞ்சு சொல்லுவா? நான் கீழ போயி ஆளுகளுக்குச் சொல்லிர்றேன்.”

“போகாதீங்க!” ஃபெமினா படியை மறித்து நின்றாள். “கும்பிட்டுக் கேக்குறேன், போகாதீங்க!”

“தாயி, வழிய விடுங்க. சோலி கெடக்கு.”

அப்போதுதான் கையிலிருந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. காதில் வைத்து, கிரேக்கத்தில், மன்னித்துவிடுங்கள், இங்கே ஒரு பெரிய குழப்பம், இவர்கள் நான் சொல்வதை நம்பவில்லை, பயிர் முழுக்கப் பாழாகப் போகிறது, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

“இந்தா, இப்பவும் வருது!” என்று பரமானந்தம் கைகூப்பினார்.

மறுமுனையில் ஸ்டெல்லா ஒரு பெருமூச்சு விட்டு, ஸ்பீக்கரில் போடு என்று கிரேக்கத்தில் சொன்னாள். ஃபெமினா பொத்தானை அழுத்தி, போனை நீட்டிப் பிடித்தாள்.

“பரமானந்தஞ் சித்தப்பா, நான் ஸ்டெல்லா பேசுறேன், சைப்ரஸ்காரரக் கட்டிக்கிட்டுப் போன ஒங்க அண்ணன் மக, அந்தப் பிள்ள எங்கிட்ட என்ன சொல்லுச்சுன்னு உசுரே போனாலும் வெளிய சொல்ல மாட்டேன், ஆனா பூண்டப் பத்தி ஒத்த வார்த்த பேசல.”