நூற்று நாற்பது சிறகடிக்கு உத்தரவு இல்லை

ஒரு காட்டில் பறப்பதற்கும் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. அதைப் புதுப்பிக்க ஒரு கருவண்டு விடிந்ததுமே வரிசையில் வந்து நின்றது. வெயில் ஏறினால் பூசணிப் பூ மூடிக்கொள்ளும். அதற்குள் மகரந்தம் கொண்டுபோகாவிட்டால் மூங்கிலுக்குள் இருக்கும் பிள்ளைகள் பட்டினி.

சன்னலுக்கு உள்ளே ஓணான். வண்டு என்ன சொன்னாலும் தலையை ஆட்டியது. அதைச் சம்மதம் என்று நினைத்தால், நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை என்று அர்த்தம்.

“ஏம்மா, நொடிக்கு நூத்தம்பது தடவை சிறகடிக்கிறேன்னு எழுதியிருக்கே. நரம்பு போட்ட உத்தரவு பத்துதானே இருக்கு? மீதி நூத்தி நாப்பது யாரைக் கேட்டு அடிச்சே?”

“யாரையும் கேக்குறதில்லீங்கய்யா. ஒரு தசை சுருங்கினா எதிர்த்தசை இழுபடும். இழுபட்டதும் அது சுருங்கும். அப்படியே மாறி மாறி ஓடும். தசை தொய்யாம இழுத்துப் பிடிக்க உள்ளே ஒருத்தர் இருக்காரு.”

அவர் பெயர் நெடும்புரதம். புரதங்களில் ராட்சசர். ஒரு கையால் தசையின் சுவரையும் மறு கையால் தசை இழையையும் பற்றியபடி நின்றார். ஓணான் அவரையும் விசாரித்தது.

“ஏன்யா, நீ சுருங்குவியா?”

“இல்லீங்க.”

“அப்ப என்னதான் வேலை?”

“பிடிச்சிக்கிட்டு நிக்கிறேங்க.”

“இவ்வளவு பெரிய உடம்பை வச்சிக்கிட்டுச் சும்மாவா நிக்கிறே? உபரி ஆளு!”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓணான் அவரை நீக்கும் தாளை நீட்டியது. வண்டு அவசரத்தில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டது. நெடும்புரதம் கையை விட்டார். தசை தொய்ந்தது.

மறுபடி சோதனை. பத்து உத்தரவு, பத்து சிறகடி. இம்மி பிசகவில்லை. ஓணான் மகிழ்ந்து முத்திரை குத்தி உரிமத்தை நீட்டியது. வண்டு அதைக் கவ்விக்கொண்டு பூசணிக்கொடிக்கு நடந்தே போனது. போய்ச் சேர்ந்தபோது பூ மூடியிருந்தது.

இதைச் சொல்லும் நானும் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே பதினேழு வருஷம் கோப்புகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான். உபரிப் பட்டியலில் என் பெயர் வந்ததாகக் கேள்விப்பட்ட பிறகுதான் பூச்சியின் தசையைப் பற்றியெல்லாம் படித்தேன். பயம் எதைத்தான் படிக்க வைக்காது? ஆய்வுக் கூட்டத்தில் இந்தக் கதையை வாசித்தேன். மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

மூன்று மாதமாயிற்று. போன வாரம் அலுவலகத்தை எட்டிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. என் நாற்காலியில் தண்ணீர் கேன் வைத்திருக்கிறார்கள். அது கொஞ்சம் உபயோகமாகவும் இருக்கிறதாம்.

நீதி: இழுத்துப் பிடிப்பவரை அனுப்பிவிட்டால், பறக்கிறவர் விழுவார். ஆகவே, நீங்கள் வேலை பார்க்கும் இடம் பறக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு கதை சொல்லப் போங்கள்.