நுரையீரலால் யாரும் நடப்பதில்லை

ஜொகூர் மாநிலத்தில் ஒரு பட்டணம். பெயரைச் சொன்னால் மற்றப் பட்டணங்கள் தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும், ஆகவே சொல்லவில்லை. நடக்கச் சிரமப்படுகிறவர்களின் நலனைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஓர் அலுவலகம் உண்டு. அது மூன்றாவது மாடியில் இருக்கிறது.

லிஃப்டும் உண்டு. 'ஆரோக்கியக் குடிமக்கள் ஆண்டை' முன்னிட்டு அதை மூடி வைத்திருந்தார்கள். பழுது என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது, கொள்கை. லிஃப்ட் கதவின் மேல் 'படி ஏறுங்கள், ஆயுள் ஏறும்' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தது. வாசலையொட்டி இருந்த கார் நிறுத்துமிடங்களையும் எடுத்துவிட்டு, பச்சைப் பாய் விரித்து, வெள்ளிக்கிழமைதோறும் ஊழியர்கள் ஸும்பா ஆடுவதற்கு வசதி செய்திருந்தார்கள். பொதுமக்கள் தங்கள் கார்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் பழைய சந்தைத் திடலில் விட்டுவிட்டு நடந்து வரலாம். நடப்பது உடம்புக்கு நல்லது அல்லவா.

இந்த அலுவலகத்துக்குத்தான் அமலதாஸ் ஓகேயு ஸ்டிக்கர் கேட்டுப் போனார். உடற்குறை உள்ளவர்கள் காரில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் அது. ஒட்டியிருந்தால் வாசலுக்குப் பக்கத்தில் நீல நிறம் பூசிய இடத்தில் காரை நிறுத்தலாம்.

அமலதாஸ் செனாயில் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் ஓய்வு பெற்று வெளியே வந்தபோது மரத்தூளும் கூடவே வந்து நுரையீரலில் குடியேறிவிட்டது. டாக்டர் அந்த நோய்க்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர் ஒன்றைச் சொன்னார். அமலதாசுக்கு அரை மூச்சுதான் இருந்ததால் அவர் அதைச் சொல்லிப் பார்த்ததே இல்லை.

அவர் பார்க்கும் நெஞ்சு கிளினிக் பெரிய ஆஸ்பத்திரியின் மேட்டில் இருந்தது. நீலக் கட்டங்கள் கிளினிக் வாசலில்; மற்றவர்களுக்கான இடம் மேட்டின் அடியில். கிளினிக்கில் நாள் குறித்துக் கொடுத்த இரண்டு தவணையிலும் அடியில் காரை விட்டு ஏறினார். இரண்டு தவணையும் பாதி மேட்டில் உட்கார்ந்துவிட்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் நம்பரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். "இன்னொரு தடவை வரலைன்னா உங்க ஃபைலை மூடிடுவோம் அங்கிள். அப்புறம் புது நோயாளியா முதல்லேருந்து வரிசையில வரணும்," என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஃபைல் இல்லை என்றால் மருந்து இல்லை. மருந்து இல்லை என்றால் மூச்சு இல்லை. மகள் ஜோஆன் விடியுமுன்னே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். மனைவி பிரேமலாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆக, ஸ்டிக்கர் ஒன்றுதான் வழி.

ஒரு சங்கடம் இருந்தது. அமலதாஸ், காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரின் மகன். அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் செபம் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்தபடியாக ஆபீசுக்குப் போகும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். சலவைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து, வாரிய தலை. துரை முன்னால் இருமக் கூடாது, சாயக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது. ஆகவே அமலதாஸ் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்றார், இன்ஹேலரை இழுத்தார், முகத்தைத் துடைத்தார். மூன்றாவது மாடிக் கதவுக்கு வெளியே மூச்சு அடங்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உள்ளே நுழைந்தார்.

வழியில் ஒவ்வொரு தளத்திலும் 'இங்கே ஸ்கேன் செய்யவும்' என்று ஒரு சதுரம் ஒட்டியிருந்தது. எதற்கென்று எழுதவில்லை. எழுதியிருக்கிறதே, செய்யாமல் போகலாமா? ஒவ்வொன்றையும் கைப்பேசியில் ஸ்கேன் செய்துகொண்டே ஏறினார்.

முகப்பில் பிரவீனா என்ற இளம் அதிகாரி இருந்தாள். மரியாதை தெரிந்த பெண்.

"வாங்க அங்கிள். யாருக்கு ஸ்டிக்கர்?"

"எனக்குத்தாம்மா."

பிரவீனா எழுந்து மேசைக்கு மேலாக எட்டி அவர் கால்களைப் பார்த்தாள். சப்பாத்து பளபளத்தது.

"கால்ல என்ன அங்கிள்?"

"கால்ல ஒண்ணும் இல்லம்மா. நுரையீரல்."

"நுரையீரலாலயா நடக்கிறீங்க?"

"கால் நடக்குதும்மா. மூச்சுதான் கூட வரமாட்டேங்குது."

பிரவீனா கணினியைத் தட்டினாள். "கண் இருக்கு. காது இருக்கு. கை, கால் இருக்கு. நுரையீரல் இல்லையே. 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு லா, ஆனா அதை அழுத்தினா சிஸ்டம் படுத்துடும். போன வருஷம் ஒருத்தர் அழுத்திட்டாரு. அவரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

"நடக்க முடியலைன்னு டாக்டர் கடுதாசி தந்தா?"

"தரலாம். ஆனா நீங்க மூணு மாடி ஏறி வந்திருக்கீங்களே."

"ஏறாம எப்படிம்மா விண்ணப்பம் பண்றது?"

"ஏற முடியாதவங்க ஏறவே வேணாம் அங்கிள். நாங்களே வீட்டுக்கு வந்து பார்ப்போம்."

"அப்ப என் வீட்டுக்கு வாங்க."

"வர்றோம். அதுக்கு நீங்க இங்க நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்."

"இப்ப வந்திருக்கேனே."

"வந்துட்டீங்கள்ல? அப்ப வீட்டுக்கு வர வேண்டிய தேவை இல்லையே."

அமலதாஸ் இதில் ஓட்டை எங்கே என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த முறை டாக்டர் கடிதத்தோடு போனார். பிரவீனா அவரைப் பிரிவுத் தலைவர் வீரமுத்துவிடம் அனுப்பினாள். வீரமுத்து இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் கட்டியவர்: ஒன்று நேரம் பார்க்க, ஒன்று அடி எண்ண. படியேறும் திட்டம் அவருடைய மூளையில் உதித்தது. நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே கோப்பு பார்ப்பார். வந்தவர்களையும் உட்காரச் சொல்வதில்லை.

"மேற்படி கடிதத்தை உரிய முறையில் கவனத்தில் எடுத்துக்கொண்டோம் ஐயா," என்றார். "இருந்தாலும் காகிதத்தை விட மனுஷனை நம்புறவன் நான். அந்தத் தாழ்வாரத்துல ஒரு தடவை நடந்து போய்ட்டு வாங்க, பார்ப்போம்."

தாழ்வாரத்தின் இருபுறமும் ஊழியர்கள் தலை நீட்டிப் பார்த்தார்கள். அத்தனை அதிகாரிகள் பார்க்கும்போது கிராணி மகன் என்ன செய்வார்? நெஞ்சை நிமிர்த்தி, இருந்த மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டு, தேவ நற்கருணை வாங்கப் போகிறவர் மாதிரி போய்த் திரும்பி வந்தார். கண் இருட்டியது. காட்டிக்கொள்ளவில்லை.

வீரமுத்துவின் கண் கலங்கிவிட்டது. "என்ன நடை ஐயா. என் ஸ்டாஃப்ல ஒருத்தனுக்கு இந்த நடை இல்ல. சோதனையில நீங்க பாஸ்."

"அப்ப ஸ்டிக்கர்?"

"அதான் பாஸ் பண்ணிட்டீங்களே. ஃபெயில் ஆனவங்களுக்குத்தான் ஸ்டிக்கர்."

வீட்டில் பிரேமலா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அவன் முன்னாடி நாலு தடவை இருமிக் காட்டினா என்ன? எனக்கு மட்டும் நாள் முழுக்க இருமிக் காட்டுறீங்க."

"ஆபீஸ்ல போய் எப்படி இருமுறது?"

"உங்கப்பா செத்து எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அவரு வந்து அடிக்கப் போறாரா? இந்தத் தடவை சவரம் பண்ணாதீங்க. பழைய சட்டையைப் போடுங்க. சிலிப்பர் போட்டு, காலை இழுத்து இழுத்துப் போங்க. நோயாளி நோயாளி மாதிரி போனா என்ன?"

அவரும் அப்படியே போனார். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகாக்காரர் கையை நீட்டித் தடுத்தார். அரசாங்க வளாகத்தில் சிலிப்பருக்கு அனுமதி இல்லை. கசங்கிய சட்டையும் கூடாது. படம் போட்டு ஒட்டியிருக்கிறது. "நல்லா உடுத்திட்டு வாங்க ஐயா. உள்ள வர்றவங்க பார்க்க ஆரோக்கியமா இருக்கணும்." நல்ல வேளை, அமலதாசின் காரில் எப்போதும் ஒரு சலவைச் சட்டையும் சப்பாத்தும் இருக்கும். சந்தைத் திடல்வரை போய் மாற்றிக்கொண்டு வந்தார். உடுத்தியதும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. படிகளில் ஸ்கேன் செய்யவும் மறக்கவில்லை.

அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் போனார். கிளினிக் தவணை நெருங்கிக்கொண்டே வந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பிரவீனாவே கூப்பிட்டாள். குரலில் உற்சாகம்.

"அங்கிள், உங்க பேரு வந்திருக்கு."

"ஸ்டிக்கருக்கா?"

"இல்ல, பரிசுக்கு. படியில ஸ்கேன் பண்ணீங்கள்ல? பட்டணத்துலயே அதிகமா படி ஏறின மூத்த குடிமகன் நீங்கதான்."

அமலதாஸ் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அழைப்பிதழில் அரசாங்க முத்திரை இருந்தது. பிரேமலாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஸும்பா திடலில் கூடாரம் போட்டு விழா. முதலில் பேச்சாளர் இருவர் உட்கார்ந்தே இருப்பது எவ்வளவு கொடிய பழக்கம் என்பதை மிக நீண்ட நேரம் விளக்கினார்கள். எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு அமலதாசை மேடையேற்றி, ஒரு ஜோடி ஓட்டச் சப்பாத்தைக் கையில் கொடுத்து, மைக்கை நீட்டினார் அறிவிப்பாளர்.

"சொல்லுங்க ஐயா, உங்க ஆரோக்கியத்தின் ரகசியம் என்ன?"

அமலதாஸ் வாயைத் திறந்தார். இந்த முறை நல்லபடியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் திறந்தார். மூச்சு வரவில்லை. மேடைப் படிகள் ஐந்தாறு அவருடைய கடைசி இருப்பையும் எடுத்துக்கொண்டிருந்தன. மெல்ல மேடையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பார்த்தீங்களா," என்றார் அறிவிப்பாளர் பரவசமாக. "பேச்சு இல்ல. செய்து காட்டுறாரு. மூச்சுப் பயிற்சி. நாமும் உட்காருவோம்."

கூட்டம் முழுவதும் தரையில் உட்கார்ந்தது. வீரமுத்து முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார். அமலதாசின் இழுப்பு மைக்கில் 'ஈஈ' என்று கேட்டது. கூட்டமும் 'ஈஈ' என்று இழுத்தது. அவர் திணறினார், அவர்களும் திணறினார்கள். அவர் கையை ஆட்டிச் சட்டைப் பையைக் காட்டினார். இருநூறு கைகள் ஆடிப் பையைத் தொட்டன.

"ஐயோ, அவருக்கு முடியலை," என்று பிரேமலா எழுந்தாள். பக்கத்திலிருந்தவர் அவளை அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். பிரவீனாதான் ஓடி வந்து அமலதாசின் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்தாள். மூச்சு திரும்பியது. அவளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் மேடை விளிம்பைக் கவனிக்கவில்லை. ஒரு கால் கீழே மடங்கியது.

"அலாமாக்," என்று குனிந்த பிரவீனாவின் முகம் திடீரென்று மலர்ந்தது. "அங்கிள். கால்."

"நுரையீரலும்மா..."

"அதை விடுங்க அங்கிள், காலு. வீங்குது. கணினியில கால் இருக்கு."

அரை மணி நேரத்தில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. வீரமுத்து நின்றபடியே கையெழுத்திட்டார். "இவ்வளவு ஆரோக்கியமான மனுஷனுக்கு இப்படி ஒரு குறையா," என்று வருந்தினார். உரிய பரிசீலனைக்குப் பின் வழங்கப்படும் மேற்படி ஸ்டிக்கர், கால் குணமானதும் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும்.

கால் மூன்றே நாளில் குணமாகிவிட்டது. பிரேமலா விடவில்லை. தவணை நாளன்று காலையில் அவளே பேண்டேஜ் சுற்றிவிட்டாள். "யாராவது பார்த்தா ஒரு கௌரவமா இருக்கும்," என்றாள்.

அமலதாஸ் மேட்டில் காரை ஏற்றினார். ஜன்னலுக்கு வெளியே மேடு தானாகவே இறங்கிப் போவது பார்க்க அழகாக இருந்தது. கிளினிக் வாசலில் இரண்டு நீலக் கட்டங்கள். ஒன்றில் கூம்பு வைத்து, யாரோ பிரமுகர் வருகிறார் என்று கயிறு கட்டியிருந்தார்கள். மற்றதில் ஒரு சின்னக் கார் அப்போதுதான் போய் நின்றது. அதிலிருந்து ஓர் இளம்பெண் இறங்கினாள். இஸ்திரி போட்ட உடுப்பு, குதிகால் சப்பாத்து, நேரான முதுகு.

அமலதாஸ் அவள் கால்களைப் பார்த்தார். இரண்டும் நன்றாகவே இருந்தன.

கண்ணாடியை இறக்கினார். பிறகு அது போதாதென்று காரை அப்படியே வழியில் விட்டு இறங்கினார்.

"தங்கச்சி, நல்ல காலை வச்சுக்கிட்டு இங்க போடலாமா? முடியாதவங்க நாங்க எங்க போறது?"

அவள் நின்றாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், கொஞ்ச நேரம் நின்றாள். அந்த மாதிரி நிற்பது எதற்கென்று பட்டணத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அமலதாஸ்தான். கோபத்தில் அவருக்கு அது தெரியவில்லை.

"எனக்கு நெஞ்சு கிளினிக் அங்கிள்," என்றாள் அவள் கடைசியில், அவர் கால் பேண்டேஜைப் பார்த்தபடி. "ஸ்டிக்கர் கண்ணாடியில இருக்கு. உங்களுக்குச் சுளுக்கு வலது கால்லயா, இடது கால்லயா?"

"வலது," என்றார் அமலதாஸ். குனிந்து பார்த்தார். பிரேமலா இடது காலில் சுற்றியிருந்தாள்.

பின்னால் நாலைந்து கார்கள் வந்து நின்றுவிட்டன. ஒவ்வொரு கண்ணாடியாக இறங்கியது. ஒருவர் பெண்ணின் குதிகால் சப்பாத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தார். இன்னொருவர் அமலதாசின் சலவைச் சட்டையைப் படம் பிடித்தார். "ரெண்டு பேருமே டூப்பு லா," என்றது ஒரு குரல். எல்லாரும் நியாயம் தெரிந்தவர்கள். உண்மையான நோயாளிகளுக்காகத்தான் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக் காவலர் வந்து நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

இத்தனை பேர் பார்க்கும்போது இரைக்க முடியுமா? அமலதாசும் அந்தப் பெண்ணும் மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள்.

உள்ளே நர்ஸ் இரண்டு நம்பர்களை மூன்று மூன்று தடவை கூப்பிட்டார். ஆள் வரவில்லை. இரண்டு ஃபைல்களையும் மூடி அலமாரியில் வைத்தார். அந்த மாத அறிக்கையின்படி பட்டணத்தில் நுரையீரல் நோயாளிகளில் இருவர் குறைந்திருக்கிறார்கள்.