ஆர்டிஸ் குழு

முந்தின நாள் மறந்து விட்டுப்போன கேக் தட்டை எடுக்க வந்த இடத்தில்தான் ஆர்டிஸ் டோலெஃப்சன் அந்தத் தையலைப் பார்த்தாள்.

"அட கடவுளே!" என்றாள் சத்தமாக. தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. தரை பளபளவென்று துடைத்திருந்தது. நாற்காலிகள் மேசைகளின்மேல் கவிழ்ந்து கிடந்தன. நடுவில் தையல் சட்டம் நின்றது. அதில் இழுத்துக் கட்டியிருந்த நட்சத்திர மேசை விரிப்பின் ஜன்னல் பக்க ஓரத்தைப் பார்த்துத்தான் அவள் அப்படிக் கூவினாள்.

மறுநாள் சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் சந்தை. சூடான பாத்திரம் தூக்கும் பிடிதுணி, காப்பிக் கோப்பை விரிப்பு, சுவரில் மாட்டும் காலுறை என்று தையல் பெண்கள் துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த குட்டிக் குட்டி குவில்ட் சாமான்கள் மேசை நிறைய விற்பனைக்கு வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் ராஜா, பெண்கள் வியாழக்கிழமைதோறும் சேர்ந்து கையால் தைக்கிற அந்த ஒரு மேசை விரிப்புதான். ஏலத்தில் முதலில் போவது அது. அதற்குமுன் ஊரே வந்து விரலால் தடவிப் பார்த்து, "ஆர்டிஸ் பக்கம் எது?" என்று கேட்கும். கேட்காவிட்டால் ஆர்டிஸே சொல்லிவிடுவாள்.

இப்போது அந்த ஓரத்தில் ஒரு தையல் பல்குச்சி நீளம், அடுத்தது கொசு நீளம். வரிசை குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இங்கும் அங்கும் தள்ளாடியது.

ஜன்னல் பக்கம் உட்காருவது ஷானா. இலையுதிர் காலத்தில் சேர்ந்த புதுப்பெண். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். ஆர்டிஸ் உட்காருவது எதிர்ப்பக்கம், ஹீட்டர் ஓரம். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவள் ஹீட்டர் ஓரத்துக்குப் போய்க் குனிந்தாள். அப்பாடா! கடுகு கடுகாக, ஒன்றைப்போல் ஒன்று, அச்சில் வார்த்த மாதிரித் தையல். அதன்மேல் உள்ளங்கையை வைத்தபோது நெஞ்சு விம்மியது. "கைன்னா இது கை," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

படியில் காலை இழுத்துக்கொண்டு அவள் கணவர் ஆர்ரின் இறங்கி வந்தார்.

"தட்டு கெடைச்சுதா? வண்டி ஓடிக்கிட்டே நிக்குது."

"ஏன் நொண்டுறே?"

"ராத்திரி மறுபடியும் கால் கட்டை விரல் மாட்டிக்கிச்சு. நீ தைச்ச போர்வைத் தையல்ல."

"நகத்தை வெட்டுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வெட்டியாச்சு. இனிமே விரலைத்தான் வெட்டணும்."

"அது கெடக்கட்டும். இங்க வந்து பாரு. இந்தப் பக்கத்தையும் பாரு, அந்தப் பக்கத்தையும் பாரு."

ஆர்ரின் ஜன்னல் ஓரத் தையலைக் குனிந்து பார்த்தார். "இதுக்கு என்ன? நம்ம வீட்டுல இருக்கற மாதிரிதானே இருக்கு."

"உனக்குத் தையலும் ஒண்ணு, வேலிக் கம்பியும் ஒண்ணு. போ, போய் வண்டியை அணைச்சிட்டு உக்காரு. எனக்கு இங்க வேலை வந்திருச்சு."

அவள் செய்ய நினைத்தது புண்ணிய காரியம். ஷானாவின் தையலைச் சத்தமில்லாமல் பிரித்து, தன் கையால் தைத்துவிட வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. லவானிடம் மட்டும் சொல்லலாம். லவான்தான் தையல் பெண்களுக்குத் தலைவி. லவானிடம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணம் சமையலறை அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

அது ஒரு பெரிய காப்பிப் பாத்திரம். அந்தத் தேவாலயத்தில் பாத்திரத்துக்கு அடியில் பட்டை ஒட்டிப் பெயர் எழுதாவிட்டால் அது திரும்பி வீடு வந்து சேராது. பெண்கள் குழுக்களுக்கு வேதத்தில் வரும் பெண்களின் பெயர்: ரூத் குழு, மார்த்தாள் குழு, லீதியாள் குழு. இந்தப் பாத்திரத்தின் பட்டையில் மட்டும், 'ஆர்டிஸ் குழு, வெள்ளிக்கிழமை' என்று எழுதியிருந்தது.

முதன்முதலாக அதைப் பார்த்த அன்று ஆர்டிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. லவானைக் கேட்டபோது அவள் முகம் பீட்ரூட் மாதிரிச் சிவந்து, "அது ஒண்ணுமில்லடி, சும்மா நாலு பேரு கூடுவோம். நீ எதுக்கு அலையறே? வியாழக்கிழமை வந்தாப் போதும். நீ வராட்டித்தான் இங்க சிரிப்பே இருக்காது," என்றாள். ஆர்டிஸுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அவளைக் கொண்டாட முடியுமா?

"செத்தவங்க பேர்லதானே குழு வைப்பாங்க?" என்று ஆர்ரின் அன்று கேட்டார்.

"உயிரோட இருக்கறப்பவே வெச்சாங்க பாரு, அதான் பெருமை," என்றாள் ஆர்டிஸ். ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஆசை அரித்துக்கொண்டே இருந்தது. தன் பெயரில் கூடுகிற குழுவுக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமையாவது தன்னைக் கூப்பிட மாட்டார்களா? இன்று விரிப்பைக் காப்பாற்றிக் கொடுத்தால் கூப்பிடாமல் எங்கே போவார்கள்?

தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள். பாதி ஓரம் சுலபமாகப் பிரிந்தது. அவ்வளவு தளர்ந்த தையல். "பாவம், குழந்தை," என்று ஷானாவுக்காக இரக்கப்பட்டுக்கொண்டே கொக்கியை ஒரு இழுப்பு இழுத்தாள். நூலோடு சிவப்புத் துணியும் சர்ரென்று விரல் நீளத்துக்குக் கிழிந்தது. உள்ளிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது.

ஆர்டிஸ் பதறவில்லை. கிழிசலின்மேல், பண்டிகை அலங்காரத்தில் சிவப்புப் பழத்தோடு வருமே, அந்தப் பச்சை ஹாலி இலை ஒன்றைத் துணியில் வெட்டி வைத்துத் தைத்தால் முடிந்தது. கிறிஸ்துமஸுக்குப் பொருத்தமும்கூட. பச்சைத் துணிக்கு எங்கே போவது? விற்பனை மேசையில் பச்சை முதுகோடு ஒரு பிடிதுணி இருந்தது. அதன் முதுகை வெட்டினாள்.

இலையைத் தைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். தனியாக இருந்த இலை, விரிப்பின்மேல் கம்பளிப்பூச்சி ஏறின மாதிரி இருந்தது. ஜோடி இருந்தால் சரியாகிவிடும். இன்னொரு பிடிதுணி முதுகை இழந்தது.

இரண்டு இலைக்கும் நரம்பு வரைந்து அதன்மேல் தைக்கலாம் என்று நீலப் பேனாவை எடுத்தாள். தண்ணீர் தொட்டால் மறைந்துபோகும் பேனா அது. வரைந்தாள், தைத்தாள். இலை கொஞ்சம் சுருங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அழுத்தி ஒரு தேய்ப்பு தேய்த்தாள்.

தேய்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பேனாவின் கோட்டில் சூடு பட்டால் அது ஜென்மத்துக்கும் போகாது. குவில்ட் தைக்கிறவர்களுக்கு அது அரிச்சுவடி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே ஆர்டிஸ்தான். நீலக் கோடெல்லாம் பழுப்பாகிப் பளிச்சென்று சிரித்தது.

பழுப்பை மறைக்க ஹாலிப் பழம் வேண்டும். பழத்துக்குச் சிவப்புப் பொத்தான் வேண்டும். சுவர்க் காலுறையில் ஒரு பனிமனிதன் சிவப்புப் பொத்தான் வைத்த கோட்டுப் போட்டு நின்றிருந்தான். சற்று நேரத்தில் அவன் கோட்டு திறந்து கிடந்தது.

ஆர்ரின் மறுபடி எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா?"

"கடைசிப் பொத்தான்."

"ஒரு ஓரம் மட்டும்தானே சரியில்லைன்னே? இப்ப அந்தப் பனிமனிதனுக்கும் குளிருதே."

"வாயை மூடிக்கிட்டு வண்டில உக்காரு."

மீதி ஓரத்தையும் பிரித்து, தன் கையால் அழகாகத் தைத்து முடிச்சுப் போட்டபோது, படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. லவான் இறங்கி வந்தாள். பின்னால் இரண்டு பெண்கள், அவர்களுக்கும் பின்னால் கையில் நூல் பெட்டியோடு ஷானா.

ஆர்டிஸைப் பார்த்ததும் நால்வரும் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"நீ இங்க என்னடி பண்றே? இன்னைக்கு வெள்ளிக்கிழமை!" என்றாள் லவான்.

ஆர்டிஸின் கண் ஷானாமேல் நிலைத்தது. இந்தப் பெண்ணையா? சேர்ந்து முழுசாக ஒரு கிறிஸ்துமஸ்கூட ஆகவில்லை, அதற்குள் ஆர்டிஸ் குழுவிலா? பெரிய மனுஷி பெரிய மனுஷியாக நடந்துகொள்ள வேண்டும்.

"தட்டை எடுக்க வந்தேன். வந்த எடத்துல இந்த ஓரத்தைப் பாத்தேன். சொன்னா யாரும் வருத்தப்படக் கூடாது. அதான் நானே பிரிச்சுத் தைச்சிட்டேன்."

லவான் விரிப்பை நெருங்கினாள். இலையைப் பார்த்தாள், பழுப்பு நரம்பைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்தாள்.

"இந்த ஓரத்தை," என்றாள் லவான் மெதுவாக, "நீயே பிரிச்சியா?"

"நானேதான். ஷானா, நீ மனசு கஷ்டப்படாதே கண்ணு. எல்லாரும் ஒரு காலத்துல இப்படித் தைச்சவங்கதான்."

"நானா? ஆனா அது என்னோட..." என்று ஷானா ஆரம்பித்தாள்.

"ஷானா," என்றாள் லவான், "போய்க் காப்பி போடு."

"இரு, இரு. காப்பி எங்கயும் ஓடிடாது." ஆர்டிஸ் ஷானாவின் கையைப் பிடித்து ஹீட்டர் ஓரத்துக்கு இழுத்துப் போனாள். "இதைப் பாரு. எங்கயாவது கோணல் இருக்கா? ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு இருக்கா? இந்த மாதிரிக் கையைக் கடவுள்தான் கொடுக்கணும். நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். இந்த ஜில்லாவுலயே இப்படித் தைக்க ஆள் கெடையாது."

ஷானாவுக்குக் காதுவரை சிவந்தது. "ரொம்ப நன்றிம்மா!" என்றாள்.

"நீ எதுக்கு நன்றி சொல்றே?"

ஷானா லவானைப் பார்த்தாள். லவான் கூரையைப் பார்த்தாள்.

"சொல்லிக்கொடுத்தீங்களே, அதுக்கு," என்றாள் ஷானா.

ஆர்டிஸ் மனம் இளகி அவள் கன்னத்தைத் தட்டினாள். நல்ல பெண்தான். அடக்கம் இருக்கிறது, கையும் வந்துவிடும். கோட்டை மாட்டிக்கொண்டு ஆர்டிஸ் காத்திருந்தாள். 'இருடி, இன்னைக்கு எங்களோட உக்காரு' என்று லவான் சொல்வதற்கு வேண்டிய அவகாசம் கொடுத்தாள். பொத்தானை மிக மெதுவாகப் போட்டாள். ஸ்கார்ஃபைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"பனி வலுக்கறதுக்குள்ள வீடு போய்ச் சேருடி," என்றாள் லவான் அன்பாக.

அவ்வளவுதான். படியேறும்போது ஆர்டிஸுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் தலை நிமிர்ந்தே இருந்தது. ஊர் நாளைக்கு வந்து விரிப்பைத் தடவும். இரண்டு ஓரமும் இப்போது அவள் கைவேலை. அந்தப் பெருமையை யாராலும் பிடுங்க முடியாது.

வண்டிக் கதவைத் திறந்தபோது, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்விட் பனியில் ஓடிவந்தார். கையில் கேக் தட்டு.

"அம்மா, இதை மறுபடியும் விட்டுட்டுப் போறீங்களே!"

"வெச்சுக்கிட்டு இருந்தா இன்னொரு தடவை வந்திருப்பேன். கொடுங்க ஆர்விட்."

"அப்புறம் ஒரு விஷயம்மா, கோவிச்சுக்காதீங்க. தரை துடைக்கறதுக்காகச் சட்டத்தைத் தூக்கினேன். திரும்ப வெக்கறப்ப தலைகீழா வெச்சிட்டேன். உங்க ஓரம் ஜன்னல் பக்கமாப் போயிருச்சு, ஷானா ஓரம் ஹீட்டர் பக்கமா வந்திருச்சு. நீங்க பிரிச்சுத் தைச்சதை அவங்க இப்பப் பேசிக்கிட்டப்பத்தான் கவனிச்சேன்."

ஆர்டிஸின் கையில் தட்டு அப்படியே நின்றது. வண்டிக்குள் ஆர்ரின் தன் கட்டை விரலைப் பார்த்தார்.

"இருக்காது," என்றாள் ஆர்டிஸ். "இருக்கவே இருக்காது. வாரா வாரம் வியாழக்கிழமை வந்து என் ஓரத்தைத்தான் மொதல்ல பாக்கறேன். கடுகு மாதிரி இருக்கும்."

"வியாழக்கிழமை பாத்தா அப்படித்தாம்மா இருக்கும்."

பனி அவள் தொப்பிமேல் விழுந்துகொண்டே இருந்தது. நிலவறைக் கூடத்து ஜன்னலில் வெளிச்சம். நாலு தலைகள் சட்டத்தைச் சுற்றிக் குனிந்திருந்தன.

"ஆர்விட்," என்றாள் ஆர்டிஸ். குரல் இறங்கிவிட்டது. "ஆர்டிஸ் குழுன்னு சொல்றாங்களே, அவங்க வெள்ளிக்கிழமை கூடி என்னதான் பண்றாங்க?"

ஆர்விட்டுக்கு ஒரே ஆச்சரியம்.

"என்னம்மா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? நீங்க வியாழக்கிழமை தைக்கறதைப் பிரிச்சுத் தைக்கிறாங்க. இன்னைக்குத்தான் நீங்களும் அந்தக் குழுவுல சேந்திருக்கீங்க!"