சிங்கத்தைத் திறந்துவிட்டது யார்?

"என் மானத்தை வாங்கிட்டான் உன் தம்பி!" மேலாளர் நாவலை மேசைமேல் ஓங்கி அறைந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுல வர்றது மிருகக்காட்சிசாலை அதிகாரிங்க. நீங்க ஐஸ்கிரீம் கம்பெனி மேனேஜர்."

"எல்லாம் கண் துடைப்பு! ஆபீஸ்ல நாலு பேர் கையில இது சுத்துது. முதலாளி கண்ணுல பட்டா என் பிழைப்புக்கே உலை!"

கதை இதுதான். அதிகாரி சிங்கக் கூண்டைச் சாத்த மறந்துவிடுகிறார். சிங்கம் ஊருக்குள் போய்விடுகிறது. அதன்பின் மனுஷன் பக்கம் பக்கமாகப் புலம்புகிறார்: யாரும் பார்க்காத தப்பு, தப்பா இல்லையா? உலகத்தில் எத்தனையோ கேள்வி இருக்க, இவனுக்கு இதுதானா கிடைத்தது!

போன் போனது. மச்சான் ஓடி வந்தான். அவனும் முன்பு அதே கம்பெனியில்தான் இருந்தான், குளிர் அறைக்குப் பொறுப்பாக. ஒருநாள் கதவு திறந்தே கிடந்து, சரக்கெல்லாம் உருகி வாசல்வரை ஓடியது. அவன் சீட்டுக் கிழிந்தது. வேலை போனவன் சும்மா இருந்தானா, நாவல் எழுதிவிட்டான்.

"அதிகாரிக்கு ஏண்டா என்னை மாதிரியே மூக்குக் கண்ணாடி?"

"எடுத்துடறேன் அத்தான்."

"தொப்பை?"

"கரைச்சுடறேன் அத்தான்."

இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டால் கோபம் எங்கே போய் முட்டிக்கொள்ளும்? "அப்போ கூண்டையும் தூக்கு! அது குளிர் அறைக் கதவுதான்னு படிக்கிறவனுக்குத் தெரியாதா?"

மனைவி குறுக்கே வந்தாள். "தெரிஞ்சா என்ன? அதைத் திறந்து போட்டது தம்பி. பொறுப்பில்லாதவன்னு நீங்கதானே அவனை அந்தப் பேச்சுப் பேசினீங்க? இதுல நீங்க எங்க வந்தீங்க?"

"பின்னே அந்த அதிகாரி சிங்கக்குட்டியைக் கொஞ்ச உள்ளே போறானாம்! நான் என்ன கொஞ்சவா போனேன்? ஒரே ஒரு கப், ருசி பார்க்கத்தான் போனேன்! போன் வந்துச்சு, பேசிக்கிட்டே வெளிய வந்துட்டேன். இது ஒரு குத்தமா? இதுக்கு ஒரு நாவலா?"

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேலாளருக்கு அப்போதுதான் தான் உளறியது உறைத்தது.

மச்சான் நாவலை மெல்ல எடுத்துப் புரட்டினான்.

"அத்தான்... கதவைச் சாத்த மறந்தது நான்தான்னு இத்தனை நாளா நம்பி, அந்த அதிகாரியா நான் என்னையத்தானே எழுதியிருந்தேன்!"