மலை ஏறாத ஆள்

ஏ.எஸ்.ராவ் நகர் சம்பந்தம் ரிட்டயரான மறுநாளே ஒரு சபதம் செய்தார்: இனி ஞாயிற்றுக்கிழமைகளில் போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டை சுமப்பதில்லை. நேராகச் சொன்னால் மனைவி வேதவல்லியிடம் எடுபடாது. ஆகவே ஆயில் பெயின்ட் வாங்கினார். கை நிறையச் சாயம் இருந்தால் யார் பையை நீட்டுவார்கள்?

மூன்று வாரம் திட்டம் பலித்தது. கான்வாஸில் பனிமலை எழும்பியது. அதன் சரிவில் கட்டைவிரல் உயரத்துக்கு, முதுகில் மூட்டையோடு ஓர் ஆள்.

காபியோடு வந்த வேதவல்லி குனிந்து பார்த்தாள்.

"மலை ஜோரா இருக்குங்க."

"ஆளு?"

"அவரு எங்க மலை ஏறுறாரு? லிஃப்டுக்காகல்ல நிக்கிறாரு!"

சம்பந்தத்துக்குச் சுருக்கென்றது. பார்த்தால் நிஜம்தான். மூட்டை இருந்தது, உடம்பில் கனம் இல்லை. டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார். ஆசாமி தொலைந்த செருப்பைத் தேடினார். இன்னொரு தடவை. வயிற்றுவலிக்காரர் ஆனார். கனம் எங்கேதான் இறங்கும்? முட்டியிலா, கழுத்திலா? அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சுமந்து பாத்தாத்தானே தெரியும்?" என்றாள் வேதவல்லி, மெல்ல. "போவன்பள்ளியில ஒரு மூட்டை வாங்கிட்டு வாங்க. நம்ம வீடு மூணாவது மாடி. மேல நின்னு நான் போட்டோ எடுக்கிறேன். லிஃப்ட் மட்டும் நக்கோ, வேணவே வேணாம்."

ஞாயிறு காலை, ஆட்டோவிலிருந்து இருபது கிலோ இறங்கியது. வெங்காயம், உருளைக்கிழங்கு, மேலே ஒரு பூசணிக்காய்.

"பூசணி எதுக்குடி?"

"கனம் ஒரு பக்கமா இழுக்க வேணாமா? ஏறுங்க. ஆங், அப்படியே நில்லுங்க!"

படத்துக்குப் படம் நின்றார். மூன்றாம் மாடியில் மூட்டையைப் போட்டுவிட்டு போனைப் பிடுங்கிப் பார்த்தவர் கத்தினார்:

"மோவாய்! எல்லாக் கனமும் மோவாய்லதான் இருக்கு, வல்லி!"

மூச்சு வாங்கியபடியே தூரிகையை எடுத்தார். சாயங்காலத்துக்குள் அந்த ஆள் மோவாயை நீட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார். வேதவல்லி குனிந்து கான்வாஸ் பக்கம் காதை வைத்தாள்.

"இவருக்கு மூச்சிரைக்கிறது கேக்குதுங்க."

சம்பந்தம் பூரித்துப் போனார். அவள் வெங்காயத்தைக் கூடையில் கொட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் விஷயம் உறைத்தது.

"அடுத்த படம் கடல்," என்றார் உஷாராக. "மூட்டை கிடையாது. ஒருத்தன் சும்மா குனிஞ்சு சிப்பி பொறுக்குறான்."

"குனிஞ்சா?" வேதவல்லியின் கண் விரிந்தது. "நாளைக்கு வேலைக்காரம்மா லீவு. வீடு துடைங்க, போட்டோ எடுக்கிறேன்."