கைகட்டி, வெப்சைட்டைத் திட்டித் திருத்துபவர், திருத்தணி

திருத்தணியில் அவரிடம் திட்டு வாங்காதவர் மலைமேல் இருக்கும் முருகர் ஒருவர்தான் என்று சொல்வார்கள். அதுவும் பொய். முருகர் திட்டு வாங்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு லாட்ஜ் மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு கம்ப்யூட்டர், அவர், நான். வெப்சைட் எதையாவது சோதிக்க வேண்டுமென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் ஊரே அவரைக் கைகட்டி என்றது.

"இப்போ நான் மனுசன் இல்லடா. நெட்ல தேடறவங்களுக்குக் காட்டறதுக்காக, இருக்கிற பக்கத்தையெல்லாம் சுத்திப் பார்த்துகினு வர்ற ரோபோ. எனக்குக் கை கிடையாது, டைப் பண்ண மாட்டேன். லிங்க் இருந்தா போவேன், இல்லன்னா திரும்பிடுவேன். காட்டு" என்பார். நான் காட்டத் தாமதித்தால் மேஜையை உதைப்பார். கைதான் கிடையாது, கால் இருந்தது.

ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் உதிரி சாமான் கடை வைத்திருந்த கனகா அக்கா ஒருநாள் வந்தார். கணவர் இறந்தபின் தனியாக நடத்தும் கடை. ஆடிக் கிருத்திகைக்குள் வெளியூர் ஆர்டர் வராவிட்டால் கடையை மூடிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கொழுந்தனார் கெடு வைத்திருந்தார். வெப்சைட் போட்டு ஆறு மாதம் ஆகியும் ஒரு போன் வரவில்லை.

கைகட்டி கையைக் கட்டினார். முதல் பக்கத்தில் ஒரு தேடல் பெட்டி மட்டும். அதில் சாமான் பெயரை அடித்தால்தான் டேட்டாபேஸிலிருந்து பக்கம் வரும். "அவ்ளோதான், ரோபோ திரும்பிப் போயிட்டான். இதைக் கட்டுனவன் கையில கெடச்சான்னா..." என்று பல்லைக் கடித்தார்.

நானே ஒவ்வொன்றாக அடித்துத் திறந்து காட்டினேன். தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர், நாடா, பல்சக்கரம், எதைத் திறந்தாலும் பக்கத்தின் தலைப்பு ஒன்றுதான்: முருகன் துணை.

"யாரு வெச்சது?"

"நான்தாங்க. பில்லு மேல போடறோம் இல்லிங்களா, அதுமாதிரி" என்றார் அக்கா.

"எல்லாம் ஒரே பக்கம்னு நெனச்சி ரோபோ ஒண்ண வெச்சிகினு மீதியத் தூக்கிப் போட்டுடுவான். அந்த முருகருக்கு அறிவு வேணாம்? உன் கடைய மறைச்சிகினு நிக்கிறாரு. எடு அவரை."

அக்கா எழுந்துவிட்டார். "கடையே போனாலும் போவட்டுங்க. அவரை எடுக்க மாட்டேன்."

"அவரைப் பாக்கவே முந்நூத்தி அறுபத்தஞ்சு படி கட்டி வெச்சிகீறாங்க. உன் சாமானுக்கு ஒரு படி கீதா? பறந்தா வருவாங்க?"

அக்கா மறுபடி உட்கார்ந்தார். பிறகு, "அப்போ படி கட்டுங்க. அவர் பக்கத்துக்குள்ள உக்காந்துகினு இருக்கட்டும்" என்றார்.

கட்டினோம். ஒவ்வொரு சாமானுக்கும் புரியாத எண்களின் குப்பை இல்லாமல் அதன் பெயரோடு நெட்டில் ஒரு நிலையான முகவரி, எல்லாவற்றுக்கும் லிங்க் வைத்து ஒரு பட்டியல் பக்கம், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு. தலைப்பில் பெயர், வேலை, ஊர் மூன்றும் இருக்க வேண்டும் என்பது கைகட்டியின் சட்டம். ஒன்று விட்டாலும் என் பரம்பரையையே இழுப்பார். மூன்று முறை வேலையை விட்டு ஓடினேன். மூன்று முறையும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "தலைப்ப பாதியில வுட்டுட்டு எங்கடா போற?" என்று அத்தனை பேர் முன்னிலும் மானத்தை வாங்கி இழுத்துவந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்திருந்த நேரத்தில் அக்கா போன் செய்தார். ஆந்திராவில் ஒரு தறிக்கூடத்துக்காரர் நெட்டில் பார்த்துவிட்டு, தெலுங்கில் பேசி, ஒரு பெட்டி பிக்கர் கேட்டாராம். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர். கொழுந்தனார் அதன்பிறகு சாவியைப் பற்றிப் பேசவில்லை.

ஓடிப்போய்க் கைகட்டியிடம் சொன்னேன். "தெலுங்குல தலைப்பு வெச்சியாடா? இல்ல. அப்புறம் இன்னா பல்ல காட்டிகினு நிக்கிற?" என்றார்.

நான் சென்னைக்கு வந்த பிறகு அவர் அந்த அறையைக் காலி செய்துவிட்டார். போன் நம்பரும் மாறிவிட்டது. எங்கே போனார் என்று லாட்ஜில் யாருக்கும் தெரியவில்லை. நெட்டில் தேடினேன். ஊருக்கெல்லாம் படி கட்டிய மனிதர், தனக்கென்று ஒரு பக்கம்கூட வைத்துக்கொள்ளவில்லை. வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு அழகாகத் தலைப்பு வைக்காமல், அவர் சட்டப்படி பெயர், வேலை, ஊர் என்று வைத்திருக்கிறேன். எங்கிருந்தாலும் கண்ணில் பட்டு, தலைப்பு சரியில்லை என்று போன் போட்டுத் திட்டட்டும். என் நம்பரை நான் மாற்றவில்லை.