ஞானசிங்கின் வெள்ள மட்டம்

மனிதன் தனிமையில்தான் முழுமை அடைகிறான் என்று ஒரு நவம்பர் மாலையில் ஞானசிங் தீர்மானம் நிறைவேற்றினார். ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை. எதிர்க்கக்கூடிய ஒரே ஆள் அப்போது ஹாலில் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் அவர் மனைவி பூங்கனி. சபையின் பெண்கள் பாடகர் குழுவுக்கு அவள்தான் தலைவி. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஒத்திகை அவர்கள் வீட்டில். சுசீந்திரத்துக்குத் தெற்கே, பழையாற்றை ஒட்டிய அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய ஹால் வேறு வீட்டில் கிடையாது. ஹாலின் மேற்குச் சுவரோரம் ஒரு சாய்வு நாற்காலி. அதில் ஞானசிங். மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் பண்டகசாலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அன்று உட்கார்ந்தவர், சாப்பிட மட்டும் எழுந்தார். உட்கார்ந்தபடியே பாட்டைத் திருத்துவார். சுருதி போனால் இருமுவார். தாளம் போனால் செய்தித்தாளைச் சத்தமாக மடிப்பார். உச்சரிப்பு போனால் மட்டும் வாயைத் திறப்பார்.

"ரெஜிஷா, அது 'மகிமெ' இல்ல. மகிமை. ஐகாரத்த முழுங்காத."

"நான் முழுங்கினது எச்சில், மாமா," என்றாள் ரெஜிஷா. அடுத்த வீட்டில் தையல் கடை வைத்திருப்பவள். கத்தரிக்கோல் கடையில் இருந்தாலும் வாயில் ஒன்று எப்போதும் இருக்கும்.

பெண்கள் சிரித்தார்கள். பூங்கனி சிரிப்பை மறைக்க ஆர்மோனியத்தின் மேல் குனிந்தாள். ஞானசிங் அதையும் பார்த்தார்.

பிள்ளைகள் வீட்டில் இல்லை. மகன் ஜெப்சன் மஸ்கட்டில். மகள் ஜினி ஓசூரில். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் வருவார்கள். போனை எடுப்பவர் ஞானசிங். "அப்பா, சுகமா? அம்மா எங்க?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் பதில் சொல்ல இடம் விடுவதில்லை.

தீர்மானம் நிறைவேறிய அன்றைக்கே பூங்கனியிடம் பேச்சை எடுத்தார்.

"மாடியில ஒரு ரூம் கட்டப்போறேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

"கீழ கெடக்க ரூமுல எல்லாம் யாரு இருக்கா? ஜெப்சனுக்க ரூமுல பழைய பேப்பரு இருக்கு. ஜினிக்க ரூமுல சக்கப்பழக் கொட்டை காயுது. ரெண்டுல ஒண்ணுல போயி இருங்க."

"பாட்டுச் சத்தம் கேக்கும்."

"நான் சம்மதிக்க மாட்டேன். மாடியும் வேண்டாம், கோடியும் வேண்டாம்."

அத்துடன் காரியம் முடிவாகிவிட்டது. பூங்கனி வேண்டாம் என்றால் அதைச் செய்தே தீருவது ஞானசிங்கின் இல்லறக் கொள்கை. அவள் வேண்டாம் என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. கிணற்றுக்கு மோட்டார் வந்தது. இன்வர்ட்டர் வந்தது. தன் வெற்றிகளை அவர் அடிக்கடி மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொள்வார். யுத்தத்தில் பிடித்த பீரங்கிகளைப் பார்ப்பது போல.

வரைபடம் போட வந்த இன்ஜினியர் டெனிஷ் தலையைச் சொறிந்தான்.

"வெள்ள அபாயப் பகுதியாக்கும் இது, சார். முன்ன மாதிரி நெனச்சபடி கட்ட முடியாது. ஆத்துக்கு எவ்வளவு தள்ளி, தரை எவ்வளவு ஒயரம், எல்லாத்துக்கும் விதி வந்தாச்சு. பஞ்சாயத்துல தொளச்சுத் தொளச்சுக் கேப்பாங்க."

விதி என்ற சொல்லைக் கேட்டால் வீடு கட்டுகிறவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஞானசிங்குக்குப் பசி எடுத்தது. அன்றிரவே முழுவதையும் படித்தார், இணைப்பு அட்டவணை உட்பட. கட்டட விதிகளைக் கடைசிவரை படித்தவர்கள் உலகில் இரண்டே பேர். எழுதியவர் ஒருவர். மற்றவர் ஞானசிங். அவர் தேடியது கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. அத்தகைய பகுதியில் வீட்டை விரிவாக்கினால், இதுவரை வந்த வெள்ளத்தின் உச்ச மட்டத்துக்கு மேலே ஆட்கள் தங்க ஓர் அறை இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஏறப் படி வேண்டும். அந்த மட்டத்தைச் சுவரில் அழியாமல் குறித்து வைக்க வேண்டும்.

"அப்ப கட்டலாமான்னு கேள்வியே இல்ல, டெனிஷ். கட்டியே ஆகணும்!"

"சரி சார். ஒங்க வீட்டுல வெள்ளம் எதுவரைக்கும் வந்துது?"

இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. குடிக்கிற தண்ணீரையே வெள்ளம் என்று சொல்கிற ஊர் இது. "ஒரு செம்பு வெள்ளம் தா" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்களை ஆறு அவ்வளவு சுலபமாகப் பயமுறுத்த முடியாது. போன பெருமழையில்கூடப் பழையாறு ஞானசிங்கின் வாசலில் இரண்டாம் படிவரை வந்து, கால் நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. பள்ளத்தில் இருந்த மற்ற வீடுகளில்தான் கட்டில் மிதந்தது. இரண்டாம் படியை அதிகாரியிடம் காட்டி மாடி கேட்க முடியாது.

பஞ்சாயத்திலிருந்து அதிகாரி வந்தார். "மட்டம் எங்கே?" என்றார். ஞானசிங்கின் கண் ஹால் முழுவதும் அலைந்து, நாற்காலிக்கு மேலே சுவரில் நின்றது. அங்கே கரும்பழுப்பில் ஒரு பட்டை.

"இதாக்கும் சார். இதுவரைக்கும் வெள்ளம் நின்னுது."

அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் பளபளத்தது. "பிசுபிசுன்னு இருக்கே?"

"ஆத்து வண்டல், சார்."

சாயாத் தட்டுடன் அடுக்களை வாசலில் நின்ற பூங்கனி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "சாயா எடுத்துக்கிடுங்க," என்றாள். ஞானசிங் அவளுடைய மௌனத்தை இன்னொரு பீரங்கியாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அறை எழுந்துவிட்டது. அழியாத குறி வேண்டுமே? மயிலாடிக்குப் போய்க் கருங்கல்லில் 'வெள்ள மட்டம்' என்று வெட்டி வாங்கிவந்து, அந்தப் பட்டையின் மேலேயே பதித்தார். புது அறையின் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போதகர் வந்தார். ஜெபம் முடிந்ததும், "ஐயா ஒரு வார்த்தை சாட்சி சொல்லலாம்," என்றார்.

ஒரு வார்த்தையோடு நிறுத்துகிறவரா ஞானசிங்? வெள்ளம் வந்த கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல வெள்ளம் ஏறியது. தன் குரலில் தானே நனைந்து, கடைசியில் கையை உயர்த்தினார்.

"ஆகவே, மழைக்காலம் முடியும் மட்டும் கீழ்த் தளத்தில் தலை சாய்ப்பதில்லை என்று கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை பண்ணுகிறேன்!"

"ஆமென்!" என்றாள் பூங்கனி. அந்தக் கூட்டத்தில் அதுவே உரத்த ஆமென்.

கூட்டம் கலைந்த பிறகு அவளைக் கூப்பிட்டார். "விதி எல்லாருக்கும் பொதுவாக்கும். நீயும் மேல வரணும்லா?" வராமல் இருப்பாள் என்ற நிச்சயத்தில் கேட்டார்.

"எனக்கு முட்டுவலி. படி ஏற முடியாது. வெள்ளம் வந்தா வாறேன். நீங்க போங்க."

போனார். முதல் சில நாட்கள் சொர்க்கம். காற்று, புத்தகம், தென்னந்தலைகள். கீழேயிருந்து காபி எப்படி வரும் என்பதற்குப் பூங்கனியே வழி சொன்னாள். மோட்டார் வந்தபின் சும்மா கிடந்த கிணற்றுக் கப்பியையும் வாளியையும் மாடிக் கைப்பிடியில் கட்டினார்கள். கீழே அவள் வாளியில் காபியை வைத்துக் கயிற்றை ஆட்டுவாள். மேலே அவர் இழுத்துக்கொள்வார்.

வாளி வந்தது. பூங்கனி வரவில்லை.

செய்தித்தாளில் தலைப்பிலேயே ஒற்றுப்பிழை. "ஏட்டி, இதக் கேட்டியா?" என்று திரும்பினார். மின்விசிறி தலையை ஆட்டியது. அது எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டும். முப்பது வருடமாகத் தான் கண்டுபிடித்த பிழைகளையெல்லாம் கேட்க ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேட்டாளா என்பது வேறு விஷயம்.

"பூங்கனி! காப்பியில சீனி கொறவு!"

கயிறு ஆடியது. வாளியில் சீனி வந்தது. பதில் வரவில்லை.

ஒத்திகை தொடங்கியபோது நிலைமை மோசமானது. கீழே சிரிப்பு எழும்பும். நிற்கும். மறுபடி எழும்பும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள்? ஞானசிங் தரையில் படுத்து டைல்ஸில் காதை வைத்தார். சுருதி போனது மட்டும் தெரிந்தது. இருமினார். கீழே யாருக்கும் கேட்கவில்லை. தளம் நல்ல கனம். விதிப்படி போட்டது.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் கீழே இறங்கிப் போனார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர் தலையைக் கண்டதும் பாட்டு நின்றது.

"மாமா, பொருத்தனை!" என்றாள் ரெஜிஷா.

"தெரியும், தெரியும். மழை விட்டாப்பில இருக்கே, அதான்..."

"டிசம்பர் முழுசா கெடக்கு," என்றாள் பூங்கனி.

அவருடைய நாற்காலி மடக்கிச் சுவரில் சாத்தியிருந்தது. அது இருந்த இடத்தில் இரண்டு பெண்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மேற்கொண்டு பாடவில்லை. யாரும் தவறும் செய்யவில்லை. திருத்த ஒன்றுமில்லை. அவர் படியேறினார்.

அது வெற்றியல்ல என்று தெரிந்துவிட்டது. ஆனால் எப்படி இறங்குவது? கல்லில் வெட்டியாயிற்று. கர்த்தரிடம் சொல்லியாயிற்று. தான் இறங்க முடியாது. ஆகவே பூங்கனியை ஏற்ற வேண்டும். ஞானசிங் மழைக்காகக் காத்திருந்தார். கட்டட விதிகளைப் படித்த மனிதரில் வெள்ளம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த வேண்டுதல் கேட்கப்பட்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பிற்பகல் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் ஊர்ந்தது. பழையாற்றில் தண்ணீர் கூடுகிறது, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும்.

ஞானசிங் துள்ளி எழுந்தார். அறையைப் பெருக்கினார். இரண்டாவது பாய் விரித்தார். புதுத் தலையணைக்கு உறை போட்டார். அவள் முட்டுக்கு வசதியாக ஒரு ஸ்டூலை நகர்த்தி வைத்தார். தலை வாரினார். அன்றைய செய்தித்தாளில் பிழை மலிந்த பக்கத்தை மேலாக மடித்து வைத்தார். இரவு முழுக்க வாசித்துக் காட்டலாம்.

"பூங்கனி! கேட்டியா? வண்டி சொல்லிட்டுப் போவுது! மேல வா!"

"வாறேன், வாறேன்!"

படியில் காலடி. முட்டுவலிக்காரி இரண்டிரண்டு படியாக ஏறுகிறாளே என்று அவர் வியப்பதற்குள் பூங்கனி ஆர்மோனியத்துடன் உள்ளே வந்தாள். பின்னால் தையல் மெஷினின் தலையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ரெஜிஷா. அவளுக்குப் பின்னால் பாடகர் குழு, குழந்தைகள், ரேஷன் அரிசி, போர்வைகள். விரித்த பாயில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். புதுத் தலையணையில் ஒரு குழந்தை தூங்கியது. செய்தித்தாளின் மேல் ஈரச் செருப்புகள்.

"இது என்னட்டி?"

"இவங்க வீடெல்லாம் நம்ம வீட்டவிடப் பள்ளம்லா? போன வெள்ளத்துல பிள்ளையளையும் வச்சிக்கிட்டு எங்க போகன்னு தெரியாம நின்னாங்க. தெருவுல இப்பம் மாடி இருக்கது நம்ம வீட்டுலதான்."

"அப்ப நான் எங்க இருக்க?"

"கீழ."

"கீழயா? வெள்ளம் வருது! கல்லுல வெட்டி வச்சிருக்கது கண்ணுல படலியா?"

பூங்கனி அவரை வெளியே கூட்டிவந்து குரலைத் தாழ்த்தினாள். "அது ஒங்க தலை எண்ணெய்லா? நாற்காலியில சாய்ஞ்சு சாய்ஞ்சு பிடிச்ச கறை. தேச்சுத் தேச்சு எனக்க கையாக்கும் தேஞ்சு போச்சு. ஆத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா ரூம் கெடச்சிருக்குமா?"

"நீதான மாடி வேண்டாம்னு சொன்ன!"

"வேணும்னு சொன்னா கட்டியிருப்பியளா? கிரைண்டர் வேணும்னு ஒரு வருசம் கேட்டேன். வேண்டாம்னு ஒரு நாள் சொன்னேன். மறுவாரம் வந்துது."

கிரைண்டர், மோட்டார், இன்வர்ட்டர். பிடித்த பீரங்கிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. கையில் கடைசியாக ஓர் ஆயுதம் மிச்சம் இருந்தது.

"பொருத்தனை இருக்கே? கர்த்தருக்கு முன்னால சொன்னது?"

"தலை சாய்க்க மாட்டேன்னுதான சொன்னிய? சாய்க்காண்டாம். நாற்காலியில இருந்துக்கிட்டு முழிச்சிருங்க. கதவப் பாத்துக்கிடுங்க. ரெஜிஷாக்க கோழியும் கீழ நிக்குது."

குடையை அவர் கையில் கொடுத்தாள். இறங்கினார். ஆறு இரண்டாம் படிவரை வந்து கால் நனைத்துக்கொண்டிருந்தது. ஹால் வெறிச்சென்று கிடந்தது. ஆசைப்பட்ட தனிமை இப்போது ஹால் அளவு பெரியதாகக் கிடைத்திருந்தது. நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். பழக்கத்தில் சாயப் போய், கல் மண்டையில் இடித்து நிமிர்ந்தார். கோழி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது.

மேலே பாட்டு தொடங்கியது. இரண்டாவது அடியிலேயே சுருதி போனது. இருமினார். இன்னொரு முறை, பலமாக இருமினார். மழைதான் பெய்தது.

ஜன்னலுக்கு வெளியே கயிறு அசைந்தது. வாளி மெல்ல இறங்கி வந்தது. ஞானசிங்குக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அத்தனை கூட்டத்திலும் அவள் மறக்கவில்லை! குடையை விட்டுவிட்டு மழையில் ஓடி, இரண்டு கையாலும் வாளியைப் பிடித்து உள்ளே பார்த்தார்.

நிறைய டம்ளர்கள். எல்லாம் காலி.

மேலேயிருந்து பூங்கனியின் குரல் வந்தது. "எல்லாருக்கும் காப்பி! ரெஜிஷாக்கு மட்டும் சீனி போடாண்டாம்!"